மின்சார ஏரியின் மஷீர்கள்

டிசம்பர் கடைசியில் புனேயின் விடியல் பத்து டிகிரியைத் தொட்டுவிடும். அந்தக் குளிரில் கசார்வாடி ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் ஷிப்டுக்காரர்கள். குரங்குக் குல்லா, கம்பளித் துண்டு, கையில் டிபன் டப்பா. பக்கத்தில் மெட்ரோ பாலம் ஓடுகிறது. 2022 மார்ச் 6 அன்று திறந்த பாதை அது. அதை ஒட்டி மும்பை–புனே பழைய நெடுஞ்சாலை. நீராவிக் கருவிகள் செய்யும் போர்ப்ஸ் மார்ஷல் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. மேற்கே பவனா ஆறு. கொஞ்ச தூரத்தில் தாபோடியில் முளா ஆற்றோடு சேரப்போகிற அவசரம் எதுவும் அதற்கு இல்லை. கரும்பச்சையாக, மெல்ல நகர்கிறது.

நடைமேடையில் இரண்டு பேரை மட்டும் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், மேட்டூர்க்காரர். பாய்லர் சம்பந்தப்பட்ட வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, மராத்தி பேசி, இங்கேயே வீடு வாங்கிவிட்டவர். அவர் கையில் பழைய பிளாஸ்டிக் வாளி, அதற்குள் துணியில் சுற்றிய ராகி மாவு உருண்டை. கூட நின்ற அக்கா மகனுக்கு ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் வேலை. அவன் தோளில் மூன்றாக மடித்த கார்பன் தூண்டிற்கோலும், ஜப்பான் ரீலும், பல வண்ண ரப்பர் தவளைகள் அடுக்கிய பெட்டியும் இருந்தன.

"குடே சால்லாத், காகா?" என்றார் பக்கத்தில் நின்ற தொழிலாளி.

"லோணாவ்ளா. மாசே பகாய்லா" என்றார் மாமா. மீன் பிடிக்க அல்ல, மீன் பார்க்க. அந்த வேறுபாடு மருமகனுக்குப் புரியவில்லை. மராத்தி அவனுக்கு இன்னும் ஆட்டோக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் வந்திருந்தது.

அவன் வேறொரு கணக்கோடு கிளம்பியிருந்தான். அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனைக் குளிர்காலத்தில் பிடிக்கிறவர்களின் வீடியோக்களை அவன் ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறான். பாஸ் வெதுவெதுப்பை விரும்பும் மீன். தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடல் மந்தமாகும், பசி அடங்கும், ஆழத்தில் போய் அசையாமல் கிடக்கும். ஆனால் அனல் மின்நிலையத்துக்காக வெட்டிய ஏரியில் கதையே வேறு. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்க ஏரியிலிருந்து குளிர்ந்த நீரை இழுப்பார்கள். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட நீர் வேறொரு வாய்க்கால் வழியாக ஏரிக்கே திரும்பும். ஜனவரியில் அந்த வாய்க்கால் வாயில் சின்ன மீன்கள் கூடும். அவற்றைத் தின்ன பாஸ் கூடும். பாஸைப் பிடிக்கப் படகுகள் கூடும். டெக்சாஸின் பேர்பீல்டு ஏரி அப்படிப் பெயரெடுத்தது. பிக் பிரவுன் என்ற அனல் மின்நிலையம் 1971 முதல் அந்த ஏரியைச் சூடாக்கியது. 2018-இல் நிலையத்தை மூடினார்கள், வெந்நீர் நின்றது. ஏரிக்கரையிலிருந்த மாநிலப் பூங்காவும், நிலம் கைமாறியதால், 2023-இல் மூடப்பட்டது.

இதெல்லாம் மருமகனுக்கு அத்துப்படி. புனேக்குப் பக்கத்தில் டாடா மின்நிலையத்துக்குச் சொந்தமான ஏரிகள் இருப்பதைக் கேட்டதும் அவன் மனதில் வெந்நீர் வாய்க்கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

"சூடான தண்ணி எந்தப் பக்கம் வுடுவாங்க மாமா?" என்று ரயிலில் ஏறியதும் கேட்டான்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மாப்ளே, அது கரி எரிக்கிற எடமில்ல. மேல இருந்து தண்ணி கீழ வுழுவுது, சக்கரம் சுத்துது. சூடும் கெடையாது, புகையும் கெடையாது. வெந்நி வேணும்னா சிங்ரௌலிக்குப் போ." அவர் சொன்னதில் பிழையில்லை. உத்தரப் பிரதேச–மத்தியப் பிரதேச எல்லையில் ரிஹந்த் அணையின் நீரைச் சுற்றி அனல் மின்நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவில் அமெரிக்கப் பாணி வெந்நீர் ஏரிக்கு அதுதான் அருகில் வரும். ஆனால் சாம்பல் கரைந்த அந்தத் தண்ணீரில் தூண்டில் போட யாரும் விடுமுறை எடுத்துக்கொண்டு போவதில்லை.

புனே–லோணாவ்ளா லோக்கல் ரயிலில் இந்தப் பயணம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி வரை தொழிற்சாலைச் சுவர்கள். தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்குகள். தளேகாவ் தாண்டியதும் கரும்பும் நெற்தாளும் தெரியத் தொடங்கும். காம்ஷேத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். மளவ்லியில் இடது கைப்பக்கம் லோஹகட், விசாப்பூர் கோட்டைகள். வழியில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் மெலிந்த ஆறு இந்திராயணி. துக்காராமின் தேஹுவையும் ஞானேசுவரின் ஆளந்தியையும் தொட்டுக்கொண்டு போகும் ஆறு. லோணாவ்ளா பக்கத்து மலையில் பிறக்கிறது.

இந்த இடத்தில் நிலவியலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லோணாவ்ளா மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகெலும்பில் உட்கார்ந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும் மழை ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். முதுகெலும்புக்குக் கிழக்கே விழும் துளி இந்திராயணியில் இறங்கி, பீமாவில் கலந்து, கிருஷ்ணாவோடு சேர்ந்து, தீபகற்பம் முழுவதையும் குறுக்கே நடந்து வங்கக் கடலுக்குப் போகும். அரபிக் கடலோ மேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நடுவே கிட்டத்தட்ட 500 மீட்டர் செங்குத்துப் பள்ளம். கிழக்கே போகிற நீரை மலை உச்சியிலேயே அணை போட்டு நிறுத்தி, மேற்கே தள்ளிவிட்டால் அந்தப் பள்ளத்தில் விழும் வேகம் மும்பை ஆலைகளை ஓட்டும் என்ற எண்ணத்தை முதலில் சொன்னவர் டேவிட் காஸ்ட்லிங். ஜாம்ஷெட்ஜி டாடா அதைப் பிடித்துக்கொண்டார். 1904-இல் அவர் இறந்த பிறகு மகன்கள் தொடர்ந்தார்கள். 1910-இல் கம்பெனி பதிவாயிற்று. 1915-இல் மலையடிவாரக் கோபோலியில் சக்கரம் சுழன்றது, நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிய மும்பைப் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் போயிற்று.

அதற்காகக் கட்டியவைதான் லோணாவ்ளா, வல்வண், ஷிரவ்தா என்ற மூன்று ஏரிகள். பிறகு பிவ்புரி நிலையத்துக்காக 1922-இல் ஆந்திரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் டோக்கர்வாடி ஏரி. (இந்த ஆந்திராவுக்கும் தெலுங்கு ஆந்திராவுக்கும் சம்பந்தமில்லை. மாவள் பகுதியில் ஓடும் சின்ன ஆறு.) 1927-இல் பிரா நிலையத்துக்காக முள்ஷி ஏரி. ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் மூன்று நிலையங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் நிரம்பும் ஏரிகளைக் கோடை முடியும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்கள். அதனால் டிசம்பரில் இந்த ஏரிகள் இன்னும் தளும்பலாக இருக்கும். மே மாதம் வந்து பார்ப்பவருக்குச் செம்மண் கரைதான் மிஞ்சும்.

லோணாவ்ளா நிலையத்தில் இறங்கினால் சிக்கிக் கடைகள் வரவேற்கும். மாமா வடாபாவ் கடைக்கு நேரே போனார். சிவப்பு மிளகாய்ப் பொடி தூவிய சூடான வடாபாவ் இரண்டு, கட்டிங் சாய் ஒன்று. குளிருக்கு அதுதான் மருந்து. பிறகு ஆட்டோவில் வல்வண்.

வல்வண் அணையின் கருங்கல் சுவர் அலங்காரம் இல்லாத, கச்சிதமான வேலை. அணைக்கு அருகே போகக்கூடாது என்று பலகை சொல்கிறது. மருமகன் தூண்டிற்கோலைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. இங்கே பார்க்க வந்தது அணைக்குக் கீழே இருக்கும் மீன் பண்ணை. அனுமதி முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தார் மாமா.

தொட்டிகளில் மஷீர்கள் மெல்லச் சுற்றி வந்தன. பெரியவற்றின் செதில் ஒவ்வொன்றும் பழைய வெள்ளி ரூபாய் அளவு. முதுகு கருத்த ஒலிவ நிறம், பக்கம் வெண்கலம், துடுப்புகளில் சாம்பல் கலந்த நீலம். மீசை நான்கு. அடியில் தேடித் தின்பதற்குத் தோதான தடித்த உதடு. மழைக்காலத்தில் பொரித்த குஞ்சுகள் இன்னொரு தொட்டியில் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. பாஸ் எதிர்பார்த்து வந்தவன் தொட்டி விளிம்பில் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

டோர் குத்ரீ என்பது இதன் விஞ்ஞானப் பெயர். தக்காண மஷீர் என்றால் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். இதை உலகுக்கு விவரித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் இருந்த கர்னல் சைக்ஸ். பம்பாய் மாகாணத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்ட அனுப்பப்பட்டவர், போகிற போக்கில் பறவைகளையும் மீன்களையும் திரட்டினார். 1839-இல் அவர் வெளியிட்ட விவரிப்பில் இந்த மீன் கிடைத்த இடம் புனேக்குக் கிழக்கே சுமார் எட்டு மைலில் முளா–முட்டா ஆறு. கசார்வாடியைத் தொட்டுப் போகும் பவனாவின் தண்ணீர் போய்ச் சேருவதும் அங்கேதான். அன்று ஒரு பட்டாளத்து அதிகாரி இயல்பாகக் கண்ட மீனை இன்று புனே நகருக்குள் அந்த ஆற்றில் தேடுவது வீண்வேலை. சாக்கடையும் ஆலைக் கழிவும் நுரைக்கும் நீரில் மஷீர் நிற்காது. அதற்கு ஓடுகிற, காற்றுக் கலந்த, கல்லடி நீர் வேண்டும்.

அப்படியானால் மிச்சம் எங்கே இருந்தது? ஆற்றை மறித்துக் கட்டிய இந்த ஏரிகளில். மழை தொடங்கியதும் ஏரிக்கு மேலே ஓடைகள் பெருக்கெடுக்கும். மஷீர் அந்தப் புதுவெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டுக் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே முட்டையிடும். ஆற்றை விழுங்கிய ஏரி, தலைமாட்டில் ஓடையை மட்டும் விட்டுவைத்ததால் மீன் தப்பியது. இதைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் சி. வி. குல்கர்ணி, மகாராஷ்டிர மீன்வளத் துறையை நடத்தியவர். 1970-இல் தொடங்கி, டாடா நிறுவனத்தின் எஸ். என். ஓகலேயோடு சேர்ந்து, இங்கே மஷீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் வழியைக் கண்டார்.

அந்த வேலை சுலபமில்லை. ரோகு போன்ற கெண்டை ஒரு தடவை லட்சக்கணக்கில் முட்டை போடும். மஷீர் போடுவது ஆயிரக்கணக்கில்தான். முட்டை பெரிது, கனமானது, அடியில் உட்காரும். பொரிக்க மூன்று நான்கு நாள் ஆகும். பொரித்த குஞ்சு தன் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு பல நாள் அடியிலேயே ஒதுங்கிக் கிடக்கும். இதில் எங்கேயாவது மண் மூடினால் எல்லாம் போச்சு. குல்கர்ணியும் ஓகலேயும் கண்டுபிடித்த ஒரு சங்கதி மட்டும் கேட்டவரை ஆச்சரியப்படுத்தும். கருவுற்ற மஷீர் முட்டைகளைத் தண்ணீரில் வைக்க வேண்டியதே இல்லை. ஈரப் பஞ்சில் பொதித்து விமானத்தில் அனுப்பலாம். போன இடத்தில் தண்ணீரில் விட்டால் பொரிக்கும். 1970களின் முடிவில் அவர்கள் அதை விஞ்ஞான இதழில் எழுதிவைத்தார்கள்.

"பஞ்சுலயா?" என்றான் மருமகன்.

"பஞ்சுலதான். அதனாலதான் இந்த மீனு ஊரு ஊரா போச்சு. நம்மூருக்கும் வந்துச்சு" என்றார் மாமா. முகத்தில் பெருமை இல்லை.

நம்மூர் என்று அவர் சொன்னது காவிரியை. அந்தக் கதை தமிழ் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

காவிரியின் சொந்த மஷீர் வேறு. முதுகில் திமில் எழும்பிய, செம்மஞ்சள் துடுப்புடைய பெருமீன். 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு. இன்றைக்கும் அந்த எடையைச் சொல்லித்தான் தூண்டில்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். வெடி வைத்துப் பிடித்ததிலும், மணல் அள்ளியதிலும், அணைகளாலும் காவிரியில் மீன் குறைந்தபோது, மீட்கும் நல்லெண்ணத்தோடு லோணாவ்ளா பண்ணையின் நீலத்துடுப்புக் குஞ்சுகளை வாங்கிக் காவிரியில் விட்டார்கள். அவை பெருகின. தூண்டில் முகாம்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: முகாமில் பிடிபடும் நீலத்துடுப்பு மஷீரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது, திமில் மஷீர் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் கணக்கு அந்த ஆய்வுக்கு முதுகெலும்பு. தூண்டில்காரர்கள் பொழுதுபோக்காக எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

இதில் இன்னொரு கூத்து. உலகப் புகழ் பெற்ற அந்தத் திமில் மஷீருக்கு அதுவரை முறையான விஞ்ஞானப் பெயரே கிடையாது. அமராவதியின் துணையாறான கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்த மீன்களை வைத்து முன்பே டோர் ரெமாதேவி என்று ஓர் இனத்தை விவரித்திருந்தார்கள். திமில் மஷீரும் அதுவும் ஒன்றே என்று 2018-இல் நிறுவினார்கள். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக ஆபத்தான நிலைக்கு வந்தது. அருகி வருவதாக முன்பு பட்டியலிடப்பட்டிருந்த தக்காண மஷீரோ, அச்சமில்லை என்ற வகைக்கு மாறியது. ஒன்றைக் காப்பாற்றிய கையே இன்னொன்றின் இடத்தைப் பறித்தது. பண்ணையைக் குறை சொல்வது எளிது. 1970களில் இந்த இரண்டு மீனும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குஞ்சு கொடுப்பதற்கு முன் எந்த ஆற்றுக்கு எது என்று கேட்கும் வழக்கம் இல்லாமல் போனதுதான் பிழை. அந்த வழக்கம் இன்னும் பல மாநிலங்களில் வரவில்லை.

அடுத்த பயணம் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரில் முள்ஷிக்கு. சாந்தனி சௌக், பிரங்குட், பௌட் வழியாகச் சாலை மலைக்குள் நுழைகிறது. இங்கே கரையோரத்தில் தூண்டில் போட ஒரு சின்ன வளைவு மாமாவுக்குத் தெரியும். ஏரியில் சொந்தமாக வலை வீசும் காத்கரிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றிடம் கேட்டுக்கொண்டுதான் அவர் உட்காருவார்.

முள்ஷி ஏரி அழகானது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடியில் இருப்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. முளா, நீலா ஆறுகளின் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களின் நிலத்தைக் கேட்டது இந்த அணை. மாவள் நெல் விளையும் வண்டல் அது. நிலம் எடுப்பது முடியும் முன்பே கம்பெனி ஆட்கள் வயலில் குழி தோண்டத் தொடங்கினார்கள். 1921 ஏப்ரல் 16, ராமநவமி அன்று விவசாயிகள் பெண்களும் குழந்தைகளுமாகப் போய் வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். சேனாபதி என்ற அடைமொழி இங்கே வந்து ஒட்டிக்கொண்டதுதான். உலகத்தின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று ராஜேந்திர வோரா இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஓராண்டு வேலை நின்றது. ஆனால் புனேயில் இருந்த நிலச்சுவான்தார்களும் வட்டிக்காரர்களும் இழப்பீட்டுக்கு இசைந்தார்கள். உழுதவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு அதிகமில்லை. பாபட் சிறைக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். 1924-இல் இயக்கம் அடங்கியது. 1927-இல் பிராவில் மின்சாரம் பிறந்தது.

இந்த ஏரியின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் போய், பிராவில் விழுந்து, குண்டலிகா ஆறாக வெளியேறுகிறது. கோலாட் பக்கம் காலையில் ரப்பர் படகில் குதித்துக் கூச்சலிடும் மும்பை இளைஞர்களுக்கு அந்த வேகம் மின்நிலையம் திறந்துவிடும் தண்ணீரால் வருகிறது. நிலையம் ஓடாத நாளில் படகு விளையாட்டும் இல்லை. கிழக்கே ஓடிப் பண்டரிபுரம் பார்க்க வேண்டிய நீர் அது.

வளைவில் மருமகன் முதலில் ரப்பர் தவளையை வீசினான். பாஸுக்காக அமெரிக்காவில் உருவான இந்தத் தவளையை இந்தியத் தூண்டில்காரர்கள் விராலுக்குப் பயன்படுத்துகிறார்கள். மராத்தியில் விராலுக்கு மரள். களை மூடிய நீர்ப்பரப்பில் தவளையைத் தத்தித் தத்தி இழுத்தால் விரால் அடியிலிருந்து பாய்ந்து கவ்வும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஏப்ரலுக்குப் பொருந்தும். பனி கலைந்திராத குளிர்காலக் காலையில் விரால் சேற்றோடு சேறாகக் கிடக்கும், மூச்சு வாங்க மட்டும் மேலே வரும். வெந்நீர் வாய்க்கால் இல்லாத ஏரியில் மீனுக்குச் சூரியன்தான் பாய்லர். தவளை போவதும் வருவதுமாக இருந்தது.

மாமா அவசரப்படவில்லை. காலை பத்தரை மணிக்கு மேல், வெயில் பட்டுக் கல்கரை சூடேறிய பிறகுதான் ராகி உருண்டையைப் பிரித்தார். வேகவைத்துப் பிசைந்த ராகி, கொஞ்சம் வெல்லம். மேட்டூர் அணைக்குக் கீழே அவர் அப்பா பெரிய கெண்டைக்குப் போட்ட இரை இதுதான். காவிரியின் மஷீர் தூண்டில்காரர்களும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ராகி உருண்டையைத்தான் நம்பினார்கள். மிதவையை ஆழம் பார்த்து நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைத்தார்.

"ஏரி எறங்கி வர்றப்ப மீனு வெளிய நிக்கும். ஏறுறப்ப கரைக்கு வரும். இப்ப தெனமும் கொஞ்சம் எறங்குது. அதனால கரைய நம்பாத, ரெண்டு ஆள் ஆழத்துல பாரு" என்றார். மின்நிலையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்பதை அவர் கரையில் காய்ந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

காத்கரி மீனவர் லாரி ட்யூபில் உட்கார்ந்து கால்களால் துழாவியபடி வலையை எடுத்துக்கொண்டு வந்தார். வலையில் ஒரு முழ நீளக் கட்லா ஒன்று, சின்ன ரோகு இரண்டு, மிச்சமெல்லாம் திலேப்பியா. மஷீர் இல்லை. மழைக்காலத்தில் ஓடைவாயில் வலை கட்டினால் கிடைக்கும், ஆனால் அது முட்டையோடு ஏறும் மீன், கட்டமாட்டோம் என்றார். எல்லோரும் அப்படி இருப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

மாமாவின் மிதவை பகல் சாயும்போது ஒரு தடவை ஆழ்ந்தது. மருமகன் ஓடிவந்தான். மேலே வந்தது உள்ளங்கை அகலத் திலேப்பியா. நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீனான இது இந்தியாவுக்கு வந்தது 1952-இல். இலங்கையிலிருந்து கொண்டுவந்து மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்தார்கள். மலிவான புரதம் என்று குளம் குளமாக விட்டார்கள். சேற்றிலும் சாக்கடையிலும் வாழும், எங்கும் குஞ்சு பொரிக்கும், மற்ற மீனின் முட்டையைத் தின்னும். புனேயின் ஆறுகளில் மஷீர் விட்டுப்போன இடத்தில் இன்று இருப்பது இது. காவிரியில் நடந்ததை நீலத்துடுப்பின் மேல் மட்டும் ஏற்றினால் ஜிலேபிக் கெண்டை சிரிக்கும்.

"விட்டுடலாமா மாமா?"

"இத எதுக்கு வுடணும்? கொழம்புக்கு ஆவும்" என்று வாளியில் போட்டார்.

பேச்சு காவிரிக்கே திரும்பியது. திமில் மஷீர் இன்னும் எங்கே இருக்கிறது என்று மருமகன் கேட்டான். மோயாறு என்றார் மாமா. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே பள்ளத்தில் ஓடி பவானிசாகரில் விழும் ஆறு. 2018-இன் ஆய்வுக்கு மீன் மாதிரிகள் கிடைத்ததும் அங்கேதான். யானைக் காட்டுக்குள் மனிதக் கால் அதிகம் படாத பள்ளம் என்பதால் மிஞ்சியது. அந்த மோயாற்றின் நீரும் சும்மா வருவதில்லை. 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தையும், பிறகு வந்த மோயாறு மின்நிலையத்தையும் தாண்டி வரும் நீர் அதில் இருக்கிறது. அங்கே டர்பைன் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றின் ஆழம் மாறும். மகாராஷ்டிரத்தில் டாடா ஏரிக்குள் ஒரு மஷீர், தமிழ்நாட்டில் மின்வாரியத் தண்ணீருக்குள் இன்னொரு மஷீர். இரண்டுக்கும் நேரத்தைக் குறிப்பது மின் தேவைதான்.

அந்த நேரமும் மாறப் போகிறது. 2023 ஆகஸ்டில் டாடா பவர் மகாராஷ்டிர அரசோடு ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. ஷிரவ்தாவில் 1,800 மெகாவாட், பிவ்புரியில் 1,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டங்கள், சுமார் 13,000 கோடி ரூபாய் செலவு. பகலில் சூரிய மின்சாரம் மிதமிஞ்சும்போது கீழே விழுந்த நீரை மறுபடி மேலே ஏற்றுவார்கள், மாலையில் தேவை ஏறும்போது திரும்ப விழவைப்பார்கள். பிராவில் 150 மெகாவாட் அளவுக்கு இது ஏற்கெனவே நடக்கிறது. ஷிரவ்தா, வல்வணுக்கு மேலே இருந்து நீர் கொடுக்கும் ஏரி. இதுவரை மழையோடு ஏறி, கோடையோடு இறங்கிய நீர்மட்டம் இனி ஒரே நாளில் ஏறி இறங்கலாம். மின்சாரத் துறைக்கு இது நல்ல செய்தி. காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைச் சேமிக்கத் தேர்ந்த வழிகளில் இது ஒன்று. ஓடைவாயில் ஆழம் குறைந்த நீரில் அடியில் ஒட்டிக் கிடக்கும் முட்டைகளுக்கு, காலையில் மூழ்கி மாலையில் வெளிப்படும் கரை என்ன செய்யும் என்பதை யாராவது வரும் மழைக்காலத்திலேயே அளக்கத் தொடங்க வேண்டும். காவிரியில் பதிவேடு இருந்ததால்தான் இழந்தது என்ன என்று தெரிந்தது.

"பம்பு போட்டு மேல தள்றப்ப கீழ இருக்குற மீனும் சேர்ந்து வருமா மாமா?" என்று கேட்டான் மருமகன்.

மாமா யோசித்தார். பம்பு, வால்வு, அழுத்தம் எல்லாம் அவர் தொழில். "ஜிலேபி வந்தாலும் வரும்" என்றார். பிறகு வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார். பௌட் தாண்டுவதற்குள் இருட்டிவிடும், பிரங்குட்டில் கண்டெய்னர் லாரிகள் ஆரம்பித்துவிடும்.